பள்ளிக்கூடத்தோடு தகராறு, பாரிஸ்டர் வேண்டுமா? இங்கிலாந்துத் தமிழ்ப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

நான் பாரிஸ்டர் இல்லை. லண்டனில் கல்வி வழக்குகள் பார்க்கும் ஒரு சொலிசிட்டர் அலுவலகத்தில் கோப்புகளோடு மாரடிக்கிறவள். சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளி வாசலில், கோயில் அன்னதான வரிசையில், கல்யாண மண்டபத்துக் கார் பார்க்கில் என்று எங்கே போனாலும் இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். பதில்கள் இங்கிலாந்துக்கு மட்டும். வேல்ஸிலும் ஸ்கொட்லாந்திலும் விதிகள் வேறு. கற்றலில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்கான சிறப்புத் தேவைச் சட்டத்தை மாற்றும் பேச்சும் நடக்கிறது, ஆகவே காரியத்தில் இறங்கும் முன் அன்றைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாரிஸ்டர், சொலிசிட்டர் ரெண்டு பேரும் லோயர்தானே அக்கா, என்ன வித்தியாசம்?

சொலிசிட்டர் கோப்பை நடத்துவார்: கடிதம் எழுதுவது, ஆவணம் திரட்டுவது, கெடு தவறாமல் பார்த்துக்கொள்வது. பாரிஸ்டர் சட்டக் கருத்து எழுதுவார், மன்றத்தில் எழுந்து வாதாடுவார். யாழ்ப்பாணத்துப் பெரியவர்களுக்கு ஒரு வரியில் சொல்லிவிடலாம், சொலிசிட்டர் என்றால் பிரக்கிராசியார், பாரிஸ்டர் என்றால் அப்புக்காத்து. இலங்கையில் எழுபதுகளில் அந்தப் பிரிவு போய்விட்டது, இங்கே இன்னும் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்குத்தான் குழப்பம், அங்கே ஒரே வக்கீல் எல்லாவற்றையும் பார்த்துவிடுவார்.

பெரும்பாலான பாரிஸ்டர்கள் சொந்தத் தொழில் செய்பவர்கள். சேம்பர்ஸ் என்ற இடத்தில் பலர் சேர்ந்து வாடகையையும் கிளார்க்கையும் பங்கிட்டுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான், அது ஒரு கம்பெனி அல்ல. அதனால் உங்கள் பாரிஸ்டரும் கவுன்சிலின் (உள்ளூராட்சி மன்றத்தின்) பாரிஸ்டரும் ஒரே சேம்பர்ஸிலிருந்து எதிரெதிரே வந்து நிற்பதும் உண்டு. "ரெண்டு பேரும் கூட்டு" என்று பதற வேண்டாம், இங்கே அது சர்வசாதாரணம். பெயருக்குப் பின்னால் கே.சி. என்றிருந்தால் மூத்தவர், விலையும் அதற்கேற்றபடி. பள்ளிக்கூடத் தகராறுகளில் பெரும்பாலானவற்றுக்கு கே.சி. தேவையே இல்லை.

'எஜுகேஷன் அண்ட் பப்ளிக் லோ' எண்டு பாரிஸ்டரின்ர வெப்சைட்டில போட்டிருக்கு. பள்ளிக்கூடம் விளங்குது, இந்தப் பொதுச் சட்டம் என்னத்துக்கு?

பொதுச் சட்டம் என்பது அரசு அமைப்புகளைக் கட்டுக்குள் வைக்கும் சட்டம். கவுன்சில், அரசுப் பள்ளி, கவுன்சிலுக்கு வெளியே அரசுக் காசில் நடக்கும் அக்கடமி, கல்வி அமைச்சு எல்லாம் அதற்குள் வரும். அதனால்தான் இரண்டையும் ஒரே ஆள் பார்க்கிறார். இந்த வாரம் ஒரு பிள்ளையின் சிறப்புத் தேவை மேல்முறையீடு, அடுத்த வாரம் ஒரு கவுன்சில் பள்ளிப் பேருந்தை நிறுத்தியதை எதிர்த்து உயர்நீதிமன்றம், அவருக்கு இரண்டும் ஒரே வேலைதான்.

இதில் நம்மவர்களுக்கு ஏறாத விஷயம் ஒன்று உண்டு. உயர்நீதிமன்ற நீதிபதி "இந்தப் பிள்ளைக்கு எது நல்லது" என்று பார்ப்பதில்லை. முடிவெடுத்தவர் சட்டத்தைச் சரியாகப் படித்தாரா, உங்கள் பக்கத்தைக் கேட்டாரா, பார்க்க வேண்டியதைப் பார்த்தாரா, புத்தியுள்ள எவரும் எடுக்க முடியாத முடிவா என்றுதான் பார்ப்பார். அநியாயமான முடிவாகத் தெரிந்தாலும் எடுத்த விதம் சரியென்றால் அது நிற்கும். எடுத்த விதம் பிழையென்றால் நியாயமான முடிவுகூட விழும். தனியார் பள்ளி என்றால் கதை வேறு: அங்கே உங்களுக்கும் பள்ளிக்கும் இருப்பது ஒப்பந்தம், ஆகவே முதலில் ஒப்பந்தச் சட்டம். பாகுபாட்டுச் சட்டம் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் பொது.

பாரிஸ்டரிட்ட நேரா போகலாமா, இல்ல சொலிசிட்டர் வழியாத்தான் போகணுமா?

2004 முதல் நேராகவே போகலாம். ஆனால் எல்லா பாரிஸ்டரும் நேரடியாக எடுக்க மாட்டார்கள், அதற்கென்று தனிப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். பாரிஸ்டர்களின் சங்கமான பார் கவுன்சில் நடத்தும் இணையப் பட்டியலில் தேடலாம். கிளார்க்கிடம் பேசி, இன்ன வேலைக்கு இவ்வளவு என்று எழுத்தில் வாங்கிய பிறகுதான் வேலை தொடங்கும்.

நேராகப் போனால் சொலிசிட்டர் செய்கிற வேலை உங்கள் தலையில் விழும். மன்றத்தில் படிவம் கொடுப்பது, மறுபக்கத்துக்குக் கடிதம் அனுப்புவது, முந்நூறு பக்கத்தைத் தேதிவாரியாக அடுக்குவது எல்லாம் நீங்கள்தான். வழக்கு நடத்தத் தனி அனுமதி பெற்ற பாரிஸ்டர்கள் சிலர் இருக்கிறார்கள், அவர்கள் மட்டும் விதிவிலக்கு. ஆங்கிலக் கடிதம் எழுதத் தயங்குபவர்களுக்கு நான் நேரடி வழியைச் சிபாரிசு செய்வதில்லை.

எவ்வளவு முடியும்? உண்மையைச் சொல்லுங்கோ.

ஆளுக்கு ஆள் மாறும், தொகை சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஆனால் காசு எங்கே போகும் என்று சொல்லலாம். கவுன்சிலின் முடிவை எதிர்த்துப் போகும் சிறப்புத் தேவை தீர்ப்பாயத்துக்குக் கட்டணம் கிடையாது, தோற்றாலும் மறுபக்கச் செலவு வழக்கமாக உங்கள் மேல் வராது. அங்கே காசைக் கரைப்பது பாரிஸ்டரைவிட நிபுணர் அறிக்கைகள்தான்: தனியார் கல்வி உளவியலாளர், பேச்சு சிகிச்சையாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர். உயர்நீதிமன்றம் அப்படியல்ல, தோற்றவர் வென்றவரின் செலவையும் கட்ட வேண்டிவரும்.

சட்ட உதவி முற்றாகச் செத்துவிடவில்லை. தீர்ப்பாயத்துக்கு ஆவணம் தயாரிக்கப் பெற்றோரின் வருமானத்தைப் பார்த்துக் கிடைக்கலாம், வாதாட ஆள் வைக்க வழக்கமாகக் கிடைக்காது. பிள்ளையின் பெயரில் உயர்நீதிமன்றம் போகும் வழக்குகளில் பிள்ளையின் வசதியைத்தான் பார்ப்பார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன வருமானம்? "எங்களுக்கு வீடு இருக்கு, லீகல் எய்ட் தரமாட்டினம்" என்று கேட்காமலே விட்டுவிடாதீர்கள். இதற்கெல்லாம் முன்னால், ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் செண்டியாஸ் என்ற இலவச ஆலோசனைச் சேவை இருக்கிறது, இப்ஸியா என்ற தொண்டு நிறுவனம் இருக்கிறது.

மார்க் நல்லாத்தான் எடுக்கிறான், இவனுக்கு ஈ.எச்.சி. பிளான் கிடைக்காது எண்டு ஸ்கூல்ல சொல்லிட்டினம். அதோட முடிஞ்சுதா?

முடியவில்லை, தொடங்கவே இல்லை. ஈ.எச்.சி. பிளான் எனும், சிறப்புத் தேவைப் பிள்ளைக்கான கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டத்துக்கான மதிப்பீட்டைச் செய்வதா இல்லையா என்று முடிவு செய்வது பள்ளியல்ல, கவுன்சில். பெற்றோர் நேரடியாக ஒரு மின்னஞ்சல் போட்டே கேட்கலாம். 2014ஆம் ஆண்டுப் பிள்ளைகள், குடும்பங்கள் சட்டத்தின் 36ஆம் பிரிவு வைக்கும் அளவுகோல் மிகத் தாழ்வானது: பிள்ளைக்குச் சிறப்புத் தேவை இருக்கலாம், திட்டம் மூலம் உதவி தேவைப்படலாம், இரண்டு "லாம்" போதும். மார்க் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

ஆறு வாரத்துக்குள் பதில் வர வேண்டும், எல்லாம் முடிந்து இறுதித் திட்டம் இருபது வாரத்துக்குள். மறுத்தால் மேல்முறையீடு செய்யக் கடிதத் தேதியிலிருந்து இரண்டு மாதம், அல்லது மீடியேஷன் (சமரசப் பேச்சு) சான்றிதழ் கிடைத்ததிலிருந்து ஒரு மாதம், எது பிந்தியதோ அது. சமரசத்தில் உட்கார விருப்பமில்லாவிட்டாலும் ஒரு போன் போட்டுச் சான்றிதழை வாங்கிவிட வேண்டும். பள்ளியின் பெயரை மட்டும் எதிர்ப்பதென்றால் அதுவும் தேவையில்லை. தீர்ப்பு வரை போகும் மேல்முறையீடுகளில் மிகப் பெரும்பாலானவை குடும்பத்தின் பக்கமே முடிகின்றன. கவுன்சில்களுக்கும் இது தெரியும். நீங்கள் களைத்துப்போய் விட்டுவிடுவீர்கள் என்பதுதான் அவர்கள் கணக்கு என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

வீட்டில தமிழ் கதைக்கிறதாலதான் பேச்சு வரேல்ல எண்டு டீச்சர் சொல்றா. இங்கிலீஷ்லயே கதைக்கட்டாம்.

இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்குக் கோபம் வரும். அதே 2014 சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்வது இது: வீட்டு மொழி வேறு என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பிள்ளைக்குக் கற்றல் சிரமம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நல்ல விதிதான். ஆனால் அதைத் தலைகீழாக்கி, வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்குச் சிரமமே இருக்க முடியாது, எல்லாம் மொழிப் பிரச்சினைதான் என்று தள்ளிவிடுகிறார்கள்.

கேட்க வேண்டியது எளிது: பிள்ளை தமிழிலும் தடுமாறுகிறதா? மூன்று வயதில் "அம்மா பால்" என்று இரண்டு சொல்லைச் சேர்க்காத பிள்ளை, அம்மம்மாவின் கேள்விக்குத் தமிழில் பதில் சொல்லாத பிள்ளை என்றால் அது ஆங்கிலக் குறைபாடு அல்ல. அதை எழுதிக் கொடுங்கள். இரு மொழியிலும் பார்த்து மதிப்பிடும்படி பேச்சு சிகிச்சையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். பாரிஸ்டர் தேடும் நிலை வந்தால் அவர் முதலில் தேடப்போகும் காகிதம் அதுதான்.

பிளான் வந்திட்டுது, ஒரு வருசமா ஒண்டும் நடக்கேல்ல. இப்ப பாரிஸ்டரோ?

முதலில் திட்டத்தை எடுத்து, என்ன உதவி என்று எழுதியிருக்கும் எஃப் பகுதியைத் திறவுங்கள். அங்கே "பேச்சு, மொழி ஆதரவு பெற வாய்ப்பு வழங்கப்படும்" என்று இருக்கிறதா, அல்லது "தகுதிபெற்ற பேச்சு சிகிச்சையாளர் வாரம் ஒருமுறை 45 நிமிடம் தனியாக" என்று இருக்கிறதா? முதலாவது வாசகத்தில் பிடிக்க ஒன்றுமே இல்லை. வாய்ப்பு வழங்கினோம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். என்ன, யார், எத்தனை நேரம், எத்தனை தடவை என்று இருக்க வேண்டும் என்பது 1990களிலிருந்தே நீதிமன்றங்கள் சொல்லிவருவது. வாசகம் மழுப்பலாக இருந்தால் வழி தீர்ப்பாயம். மேலே சொன்ன அதே கெடு. தவறிவிட்டால் அடுத்த வருடாந்த மீளாய்வில் திருத்தம் கேளுங்கள்.

வாசகம் தெளிவாக இருந்தும் நடக்கவில்லை என்றால் அது பொதுச் சட்ட விவகாரம். அதே 2014 சட்டத்தின் 42ஆம் பிரிவு கவுன்சிலின் மேல் போட்டிருப்பது கட்டாயக் கடமை. காசில்லை, ஆள் கிடைக்கவில்லை, பள்ளிதான் செய்ய வேண்டும் என்பதெல்லாம் பதிலே அல்ல. இங்கே வேலை செய்வது வழக்குக்கு முந்திய சட்டக் கடிதம். நன்றாக எழுதிய கடிதம் ஒன்று போனதும், ஒரு வருடமாகக் கிடைக்காத சிகிச்சையாளர் எங்கிருந்தோ கிடைத்துவிடுவார்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கிடைச்ச ஸ்கூல் எங்கட பிள்ளைக்குக் கிடைக்கேல்ல. கேஸ் போடலாமா?

வழக்கு இல்லை, மேல்முறையீடு. இடம் அறிவிக்கும் நாள் இரண்டாம் நிலைப் பள்ளிக்கு மார்ச் 1, ஆரம்பப் பள்ளிக்கு ஏப்ரல் 16. மேல்முறையீடு செய்யக் குறைந்தது இருபது பள்ளி நாள் தருவார்கள். சுயாதீனக் குழு முதலில் விதிகள் சட்டப்படி இருந்தனவா, சரியாகப் பின்பற்றப்பட்டனவா என்று பார்க்கும். அப்புறம்தான் இன்னொரு பிள்ளையைச் சேர்த்தால் பள்ளிக்கு வரும் பாதிப்பா, சேராவிட்டால் உங்கள் பிள்ளைக்கு வரும் பாதிப்பா, எது பெரிது என்று நிறுக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றி அங்கே பேசாதீர்கள், அவருக்கு அண்ணன் அங்கே படிக்கலாம். தந்த இடத்தை ஏற்றுக்கொள்ளுங்கள், அது மேல்முறையீட்டைக் கெடுக்காது.

ரிசெப்ஷன் (பள்ளியின் முதல் வருடம்) முதல் இரண்டாம் வகுப்பு வரை ஓர் ஆசிரியருக்கு முப்பது பிள்ளைகள் என்ற சட்ட வரம்பு உண்டு. அதைக் காட்டி மறுத்திருந்தால் இந்த நிறுவையே இல்லை. விதி பிழையாகப் பயன்பட்டது, அல்லது முடிவு அறவே நியாயமற்றது என்று காட்ட முடிந்தால்தான் வெல்லலாம். இந்த மேல்முறையீடுகளுக்கு பாரிஸ்டர் வைப்பது, என் கணக்கில், பெரும்பாலும் வீண் செலவு.

லெவன் பிளஸ்ல மூணே மார்க்ல போச்சு மேடம். சட்டன்ல கிராமர் ஸ்கூல், அப்பீல்ல ஜெயிக்க முடியுமா?

கிராமர் பள்ளி நுழைவுத் தேர்வான லெவன் பிளஸ் நாளில் காய்ச்சல், அம்மம்மா செத்த வாரம், இப்படி ஏதாவது இருந்து, பிள்ளை அந்தத் தரத்தில் உள்ளதென்று பள்ளி அறிக்கைகளும் காட்டினால் குழு கேட்கும். ஆனால் பள்ளி ஏற்கெனவே ஒரு மறுபரிசீலனை நடத்தியிருந்தால், அது நியாயமாகவும் எல்லாருக்கும் ஒரே மாதிரியாகவும் நடந்ததா என்பதை மட்டும்தான் பார்ப்பார்கள். டியூஷன் சென்டர் சான்றிதழ் எடுபடாது.

அம்மம்மாவின்ர அந்தியேட்டிக்கு யாழ்ப்பாணம் போகோணும். ஸ்கூல் லீவு தராதாம், ஃபைன் வருமா?

விதிவிலக்கான சூழ்நிலை என்று தலைமை ஆசிரியர் ஏற்றால்தான் லீவு. சாவீட்டுக்கு இரண்டு மூன்று நாள் பெரும்பாலும் தருவார்கள், மூன்று வாரம் தர மாட்டார்கள். சாமத்திய வீடு, கல்யாணம் எல்லாம் அவரவர் மனசு. "வருகை தொண்ணூறு வீதத்துக்கு மேல் இருக்கிறதே" என்ற வாதம் 2017இல் முடிந்துபோனது: ஐல் ஒஃப் வைட் தீவின் தகப்பன் ஒருவர் அந்த வாதத்தோடு உச்சநீதிமன்றம் வரை போய்த் தோற்றார். ஒழுங்கான வருகை என்றால் பள்ளியின் விதிப்படி வருவது என்று தீர்ப்பு.

பத்துப் பள்ளி வாரத்துக்குள் ஐந்து நாள் அனுமதியில்லாமல் தவறினால் அபராதம் வரலாம். 2024 ஓகஸ்டிலிருந்து 21 நாளுக்குள் கட்டினால் 80 பவுண், அதற்குப் பிறகு 28 நாளுக்குள் 160. இது ஒவ்வொரு பெற்றோருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி, ஆகவே தாய் தகப்பன், இரண்டு பிள்ளைகள் என்றால் குறைந்தது 320. மூன்று வருடத்துக்குள் இரண்டாம் முறையென்றால் நேரே 160, மூன்றாம் முறை அபராதமே இல்லை, பெரும்பாலும் நீதிமன்றம்தான். அபராதச் சீட்டை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது. மத அனுட்டான நாளுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது, தீபாவளிக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். அது அந்த நாளுக்குத்தான், பயணத்துக்கு அல்ல.

நேர்த்திக்கு மொட்டை அடிச்ச பிள்ளையை வகுப்பில விடேலாதாம். திருநீறும் பூசக்கூடாதாம். இது சரியோ?

இதில்தான் நல்ல பாரிஸ்டருக்கு வேலை இருக்கிறது, ஏனென்றால் தீர்ப்புகள் இரண்டு பக்கமும் போயிருக்கின்றன. 2008இல் அபர்டேரில் ஒரு சீக்கியச் சிறுமி இரும்புக் காப்பு அணிந்ததற்காகப் பள்ளி விலக்கியது சட்டவிரோதம் என்றானது. 2011இல் நம்மவர்கள் நிறைய இருக்கும் கென்டன் பக்கத்துப் பள்ளி ஒன்று, பின்னிய முடியோடு வந்த ஒரு கரிபியன் வம்சாவளிப் பையனைத் திருப்பி அனுப்பியது; விதிவிலக்கே இல்லாத தடை மறைமுக இனப் பாகுபாடு என்றது உயர்நீதிமன்றம். மறுபக்கம், லூட்டனில் ஜில்பாப் என்ற நீண்ட அங்கி அணியக் கேட்ட மாணவி 2006இல், அன்று உச்சநீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையில் தோற்றார், பள்ளி ஏற்கெனவே சல்வார் கமீசுக்கு இடம் கொடுத்திருந்தது. 2024இல் வெம்ப்ளியில் மிக்கேலா பள்ளியின் தொழுகைத் தடையும் செல்லும் என்றானது. மிக்கேலா மேல் வழக்குப் போட்ட மாணவிக்குக் கொடுத்த இடைநீக்கம் ஒன்று மட்டும் நடைமுறை பிழைத்ததால் விழுந்தது.

ஆக, பள்ளி விதிவிலக்குக்கு வழி வைத்திருக்கிறதா, காரணம் என்ன, உங்களுக்கு அது எவ்வளவு முக்கியம் என்பதெல்லாம் சேர்ந்துதான் முடிவாகும். மொட்டை முளைத்துவிடும், அதற்கு வழக்கு வேண்டாம். நேர்த்தி என்று கோயிலில் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்துப் பாருங்கள். தொடர்ந்து வரும் தடை என்றால் மத, இனப் பாகுபாட்டுக்கு கவுன்டி நீதிமன்றம், ஆறு மாதக் கெடு.

'இண்டைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, ஆறுதலாப் பாப்பம்' எண்டு அடிக்கடி கோல் பண்ணினம். இப்ப நிரந்தரமா விலக்கிட்டினம்.

அந்த "கூட்டிக்கொண்டு போங்கோ" ஒவ்வொன்றும் சட்டவிரோத விலக்கல். ஒழுக்கத்துக்காக வீட்டுக்கு அனுப்பினால் எழுத்தில், காரணத்தோடு, தலைமை ஆசிரியரின் முடிவாக வர வேண்டும். உங்கள் போனில் அழைப்புப் பட்டியல் இருக்கும், அழிக்காதீர்கள்.

நிரந்தர விலக்கலைப் பள்ளியின் ஆளுநர் குழு பதினைந்து பள்ளி நாளுக்குள் பரிசீலிக்க வேண்டும். அவர்களும் ஆமோதித்தால் அடுத்த பதினைந்து பள்ளி நாளுக்குள் சுயாதீன மீளாய்வுக் குழுவுக்கு நீங்கள் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டாம் கேள்விக்குச் சொன்னது இங்கே அப்படியே பொருந்தும்: இந்தக் குழு பிள்ளையைத் திரும்பச் சேர்க்க முடியாது, முடிவை ரத்துசெய்து மறுபடி யோசி என்று அனுப்பத்தான் முடியும். சிறப்புத் தேவை நிபுணரைக் குழுவில் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, பள்ளி "அவனுக்கு ஒன்றுமில்லை" என்று சொன்னாலும். நடத்தைக்குக் காரணம் ஓட்டிசம் போன்ற இயலாமை என்றால் தீர்ப்பாயத்தில் பாகுபாட்டு முறையீடு செய்யலாம், ஆறு மாதத்துக்குள். அங்கே பிள்ளையைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட முடியும், நட்டஈடு மட்டும் கிடைக்காது. அடித்துவிட்டான் என்பதால் ஓட்டிசப் பிள்ளையைப் பாகுபாட்டுச் சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே தள்ள முடியாது என்று மேல் தீர்ப்பாயம் 2018இல் சொல்லியிருக்கிறது.

இத்தனை குழு எதுக்கு, நேரா ஹைகோர்ட்டுக்குப் போனா என்ன?

நீதிபதி முதலில் கேட்பதே "வேறு வழி இருந்ததா, போனீர்களா?" என்றுதான். மேல்முறையீடு இருக்கும்போது அதை விட்டுவிட்டு வந்தால் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வேறு வழியே இல்லாத இடத்துக்குத்தான் நீதித்துறை மீளாய்வு என்ற இந்த உயர்நீதிமன்ற வழி: தாமதமின்றி, எப்படியும் மூன்று மாதத்துக்குள். மூன்று மாதம் என்பது உச்சவரம்பு. கடைசி வாரத்தில் ஓடிவந்தால் ஏன் தாமதம் என்று கேட்பார்கள். முதலில் அனுமதி வாங்க வேண்டும், அதிலேயே பல வழக்குகள் விழும். வென்றாலும் கவுன்சில் மறுபடி முடிவெடுக்கும், சரியான முறையில் எடுத்து அதே முடிவுக்கு வந்தால் அவ்வளவுதான்.

எம் பையன் அங்க எம்.எஸ்ஸி. படிக்கிறான், டிசர்டேஷன் காப்பின்னு ஃபெயில் பண்ணிட்டாங்க. கோயம்புத்தூர்ல இருந்து கேக்கிறேன், பாரிஸ்டர் பார்க்கணுமா?

முதலில் பல்கலைக்கழகத்தின் உள்முறையீடு. அது முடிந்ததும் நடைமுறை முடிந்தது என்று ஒரு கடிதம் தருவார்கள், அதிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் ஓ.ஐ.ஏ. என்ற சுயாதீன அமைப்பிடம் இலவசமாக முறையிடலாம். மார்க் சரியா என்று அவர்களும் பார்க்க மாட்டார்கள், நீதிமன்றமும் பார்க்காது. விசாரணை நியாயமாக நடந்ததா என்பதுதான் கேள்வி. பாடம் சரியாக நடத்தவில்லை, அதனால்தான் பட்டத்தின் தரம் குறைந்தது என்று ஆக்ஸ்போர்டு மேல் வழக்குப் போட்ட பழைய மாணவர் ஒருவர் 2018இல் தோற்றார். விசா தனிக் கதை: படிப்பு நின்றால் பல்கலைக்கழகம் உள்துறைக்கு அறிவித்துவிடும், அதற்குக் குடிவரவு வக்கீலை உடனே பாருங்கள்.

எங்கட ஆள் ஒருத்தர் 'நானும் பாரிஸ்டர்தான், எல்லாம் செய்து தாறன்' எண்டு காசு கேக்கிறார்.

பார் பரீட்சை பாஸாகி, தொழில் உரிமம் இல்லாதவர்கள் நிறையப் பேர். பாரிஸ்டர்களைக் கண்காணிக்கும் பார் ஸ்டாண்டர்ட்ஸ் போர்டின் இணையப் பதிவேட்டில் பெயரைப் போட்டுப் பாருங்கள், ஒரு நிமிட வேலை. தீர்ப்பாயத்தில் யார் வேண்டுமானாலும் உங்களுக்காகப் பேசலாம் என்பது உண்மை, நல்லவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கட்டுப்பாட்டுக்குள் இல்லாத ஆள் சொதப்பினால் சட்டக் குறைதீர்ப்பாளரிடம் போக முடியாது. கணக்கில் காட்டாமல் கையில் காசு கேட்டால் அத்தோடு விடுங்கள்.

எனக்கு இங்கிலீஷ் தடுமாறும். மகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கதைக்கலாமோ?

மகள் வேண்டாம். தீர்ப்பாயப் படிவத்திலேயே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று எழுதினால் இலவசமாகத் தருவார்கள். இலங்கைத் தமிழா இந்தியத் தமிழா என்றும் குறிப்பிடுங்கள். பல விசாரணைகள் வீடியோவில்தான் நடக்கின்றன, அவருக்குக் கேட்கும்படி சிறு சிறு வாக்கியமாகப் பேசுங்கள்.

பாரிஸ்டரை முதல்முறை சந்திக்கும்போது என்ன கொண்டு போக வேணும்?

முடிவுக் கடிதம், அது வந்த மின்னஞ்சலோடு. தேதிதான் முதல் கேள்வி. அடுத்தது திட்டம் அல்லது பள்ளி விதி, அறிக்கைகள், நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல்கள், எல்லாம் தேதிவாரியாக. வாட்ஸ்அப் படங்களை ஒவ்வொன்றாக அனுப்பாதீர்கள், ஒரே பி.டி.எஃப். ஆக்குங்கள். என்ன நடந்தது என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள், தமிழில் எழுதி மொழிபெயர்த்தாலும் சரி. பள்ளியில் வாயால் சொன்னவற்றுக்கு, அன்றிரவே "இன்று நீங்கள் சொன்னதாக நான் விளங்கிக்கொண்டது இது" என்று ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தால் அதையும் மேலே வையுங்கள். போடவில்லை என்றால் அடுத்த சந்திப்பிலிருந்து போடுங்கள்.